டெஸ் ஹார்டிகனின் கடைசிப் பெட்டி

உயிரோடு இருந்தபோது பிடித்த எலிகளைவிடச் செத்த பிறகு டெஸ் ஹார்டிகன் பிடித்த எலிகள்தான் அதிகம். டார்லி பள்ளத்தில் யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள். கேட்காவிட்டாலும் சொல்வார்கள். வெளியாட்கள் முதலில் சிரிப்பார்கள். பிறகு எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டுத் தேநீரைக் கொஞ்சம் வேகமாகக் குடிப்பார்கள்.

உயிரோடு இருந்தபோது அவன் பிடித்ததும் லேசுப்பட்டதல்ல. அவன் சொன்னதையெல்லாம் கூட்டிப் பார்த்தால் வெலிங்டன் நகரத்தில் மனிதர் நிற்க இடமே இருந்திருக்காது. ஆட்டுக்குட்டி அளவு எலி ஒன்று அவனோடு மல்லுக்கட்டித் தோற்று, போகும்போது கைகுலுக்கிவிட்டுப் போனதாகவும் சொல்வான். அதை நாங்கள் நம்பியதில்லை. இதை நம்புகிறோம், ஒரே ஒருவனைத் தவிர.

அந்த ஒருவன் அலஸ்டர். நிலம் அளக்கும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவன். பொறி வைக்கும் எங்கள் குழுவின் தலைவன். கண்ணால் பார்த்ததைக்கூட நாடா வைத்து அளந்த பிறகுதான் ஒப்புக்கொள்வான்.

வீடுகளுக்குப் பின்னால், மலைச்சரிவு இரண்டும் சந்திக்கும் இடத்தில் எங்கள் ஊர்க்காடு இருக்கிறது. காடு என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். மேலே நின்றால் யார் வீட்டில் என்ன துணி காய்கிறது என்று தெரியும். கீழே இறங்கினால் மட்டும் எதுவும் தெரியாது. பெரணி மரங்கள் குடை பிடித்தது போல நிற்க, அடியில் ஓடை ஓட, மத்தியானத்துக்கு மேல் வெயில் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காது. அங்கே சறுக்கி விழுந்தால் மறு வாரம்தான் தரையைத் தொடுவீர்கள்.

இந்தக் காட்டுப் பறவைகளுக்கு எலியையும், மரமேறும் போசத்தையும், கீரி மாதிரியான ஸ்டோட்டையும் கண்டால் ஓடத் தெரியாது. கப்பலேறி வந்த பிராணிகள் அவை. முட்டையையும் குஞ்சையும் தின்று தீர்த்துவிடும். அதனால் ஊர்க்காரர்கள் பாதையோரம் மரப்பெட்டிகள் வைத்து, உள்ளே வில் பொறி பொருத்தி, ஆளுக்கொரு வரிசையாகப் பிரித்துக்கொண்டு வாராவாரம் போய்ப் பார்க்கிறோம். செத்ததை எடுத்துப் புதருக்குள் எறிந்துவிட்டு, புதிதாக பீனட் பட்டர் தடவி, மூடியைத் திருகிவிட்டு அடுத்த பெட்டிக்கு நடப்போம். கூலி கிடையாது. முட்டிவலிதான் மிச்சம்.

டெஸ் தன் வரிசைப் பெட்டிகளுக்குப் பெயர் வைத்திருந்தான். எப்போது பார்த்தாலும் காலியாக, நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும் முதல் பெட்டி ‘பாதிரியார்’. ஓடைக்கரையில் ஈரத்தில் ஊறிக் கிடப்பது ‘சோம்பேறி’. காரணமே இல்லாமல் படாரென்று அடித்துக்கொள்ளும் அடுத்த பெட்டி ‘மாமியார்’. வரிசையின் கடைசியில், சேறு வழியும் சரிவுக்குக் கீழே, பெரணி இலைகளுக்குள் ஒளிந்திருப்பது ‘பாதாளம்’.

அவன் கொண்டுவந்த வழக்கம் இன்னொன்றும் உண்டு. மூடியைத் திறப்பதற்கு முன்னால் திருப்புளியின் கைப்பிடியால் இரண்டு தட்டு. டொக், டொக். அரை உயிரோடு கிடந்த எலி ஒன்று முகத்தில் பாய்ந்ததிலிருந்து தொடங்கியது. உள்ளே யாராவது உயிரோடு இருக்கிறீர்களா என்று கேட்பதுதான் அந்தத் தட்டு. சத்தம் வந்தால் திறக்கக் கூடாது, காத்திருக்க வேண்டும். அலஸ்டரைத் தவிர எங்கள் எல்லோருக்கும் அது பழகிப்போய்விட்டது. எங்கள் குழுவிலிருக்கும் நைரி தன் வீட்டு ரொட்டி டப்பாவைக்கூடத் தட்டிவிட்டுத்தான் திறப்பாள்.

டெஸ் இறந்தபோது, சவப்பெட்டியைத் தூக்குவதற்கு முன்னால், நைரிதான் கோட்டுப் பையிலிருந்து திருப்புளியை எடுத்தாள். அழுதுகொண்டே மூடியில் இரண்டு தட்டுத் தட்டினாள். அவளுக்குப் பின்னால் குழுவில் எல்லோரும் வரிசையாக வந்து தட்டினார்கள். அழகான மரியாதை என்று பாதிரியார்கூடச் சொன்னார். இது பெட்டியல்ல, நிஜப் பாதிரியார். அலஸ்டர் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

தட்டியவர்களில் ஒருவரும் பதிலுக்குக் காத்திருக்கவில்லை.

டெஸ்ஸின் வரிசை நைரிக்கு வந்தது. ஏற்கெனவே அவளுக்கு ஒரு வரிசை இருந்தது. வயது எழுபதை நெருங்கிக்கொண்டிருந்தது. இடது இடுப்பு, கீல் துருப்பிடித்த கதவு போல, ஒவ்வோர் அடிக்கும் முனகியது. அந்தக் குளிர்காலம் முழுக்க எங்கள் ஊரில் மழை மேலிருந்து கீழே பெய்யவில்லை. பக்கவாட்டில் பெய்தது. காற்றில் நாய்கள் சங்கிலி நுனியில் பட்டம் போலப் பறந்தன. நைரி வீட்டுக்கு வந்து பூட்ஸைக் கழற்றவே பெஞ்சில் உட்கார்ந்து பெருமூச்சு விட்டுத் தயாராக வேண்டியிருந்தது. தூக்கம் வந்தது, ஆனால் அசதி போகவில்லை.

ஒரு நாள் மாமியாரோடு நின்றுவிட்டாள். சரிவைப் பார்த்தாள். சேறு பளபளத்தது. பாதாளத்துக்கு இறங்காமல், போனில் குழுவின் கணக்கில் ‘ஒன்றும் சிக்கவில்லை’ என்று பதிந்துவிட்டு வீட்டுக்கு வந்தாள்.

மறுநாள் காலை வாசல் மிதியடியில் ஓர் எலி கிடந்தது.

கழுத்து முறிந்திருந்தது. தலை கதவைப் பார்த்து, வால் நேராக நீட்டி, யாரோ அளந்து வைத்தது போல. பக்கத்து வீட்டு சினா குப்பைத் தொட்டியை இழுத்துக்கொண்டு வந்தவள் நின்று பார்த்தாள்.

“ஆன்ட்டி, உங்களுக்கு யாரோ சீர் அனுப்பியிருக்காங்க.”

“பூனை வேலைடி.”

“யார் வீட்டுப் பூனை? இந்தத் தெருவுல பூனையெல்லாம் என்னைவிட சொகுசா வீட்டுக்குள்ள படுத்திருக்கு. எலிய கண்டா அதுங்க ஓடும்.”

நைரி சிரித்துவிட்டு எலியை வாலைப் பிடித்துத் தூக்கினாள். பிறகு சிரிப்பு நின்றது. அது நனைந்திருந்தது. தெருவில் இரவெல்லாம் மழையில்லை. அதன் வயிற்றில் ஒட்டியிருந்த மண், பள்ளத்தின் அடியில் மட்டும் கிடைக்கும் நீலக் களிமண். மூக்கில் பீனட் பட்டர் ஒரு துளி.

அதில் கடலைப் பருக்கை இருந்தது.

நைரி வழவழப்பானதுதான் வாங்குவாள். பருக்கை உள்ளதை வாங்கியவன் டெஸ். எலிக்கும் மென்று தின்னப் பிடிக்கும், அதுவும் ஜீவன்தானே என்பான்.

அடுத்த வாரமும் அவளால் இறங்க முடியவில்லை. அடுத்த வாரமும் மிதியடியில் எலி இருந்தது. அதற்கடுத்த முறை எலிக்குப் பக்கத்தில் சேற்றுத் தடம். ரப்பர் பூட்ஸின் தடம். ஒரே ஒரு தடம், கதவை நோக்கி. வந்ததற்கு வழியும் இல்லை, போனதற்கு வழியும் இல்லை. குதிகால் உள்பக்கமாகத் தேய்ந்திருந்தது. டெஸ் கோணலாக நடப்பவன்.

அலஸ்டருக்குப் போன் செய்தாள்.

“வரிசையைத் திருப்பிக் கொடுத்துடறேன் அலஸ்டர். என்னால முடியல.”

“இப்போ போய் சொல்றியே நைரி. பாதாளத்துக்குப் பக்கத்துல டோட்டொவாய் கூடு கட்டியிருக்கு, தெரியுமில்ல?”

தெரியாமல் என்ன. சாம்பல் நிறத்தில், குச்சிக் காலோடு, கைக்குள் அடங்கும் பறவை. மலைக்கு அந்தப்பக்கம் வேலி போட்ட சரணாலயத்திலிருந்து ஒரு ஜோடி பறந்து வந்து எங்கள் பள்ளத்தில் குடியேறியிருந்தது. எங்கள் பள்ளத்தில் யாரும் நினைவு தெரிந்து அதைப் பார்த்ததில்லை. மனிதரைக் கண்டால் அது பயப்படாது. நடந்து வருபவரின் பூட்ஸருகே தத்தி வந்து, மண் கிளறியதில் புழு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, தலையைச் சாய்த்து முகத்தை நிமிர்ந்து பார்க்கும். டெஸ் இதற்காகத்தான் ஆயுள் முழுக்க அலைந்தான். கூடு தென்பட்டபோது அவன் மண்ணுக்குள் இருந்தான்.

“வேற யாராவது பாக்கட்டும்,” என்றாள் நைரி. “என் வாசல்ல எலி கொண்டுவந்து வைக்கிறாங்க அலஸ்டர்.”

“யாரு?”

“எலி மூக்குல பருக்கை வெச்ச பீனட் பட்டர்,” என்றாள். அவன் புரிந்துகொண்டான்.

“டெஸ் உயிரோட இருந்தா இந்தக் கதைய உன்னவிட நல்லா சொல்லியிருப்பான்,” என்றான். “வேலைய விடணும்னா நேரா சொல்லு. பேயை எதுக்கு இழுக்கற? வேற ஆள் கிடைக்கற வரைக்கும் பாத்துக்கோ.”

போனை வைத்த பிறகு நைரி நெடுநேரம் நாற்காலியில் இருந்தாள். பாதாளத்துக்கு அவள் போகாததை அவனிடம் சொல்லவில்லை. சொல்ல வெட்கமாக இருந்தது. களைப்பு வெட்கத்தையும் தின்றுவிட்டது. நாற்காலியிலேயே கண் அசந்தாள்.

மத்தியானம். ஹீட்டரின் மெல்லிய இரைச்சல். ஜன்னலுக்கு வெளியே பனிமூட்டம் பால் போல நின்றது.

டொக், டொக்.

கண் விழித்தாள். கதவில்தான்.

விரல் முட்டியின் சத்தமில்லை அது. மரத்தில் மரம் படும் சத்தம். திருப்புளியின் கைப்பிடி. இரண்டு தட்டு, அப்புறம் காத்திருப்பு. அந்தக் காத்திருப்பு அவளுக்குத் தெரியும். உள்ளே யாராவது உயிரோடு இருக்கிறீர்களா.



கதவுக்கு அந்தப்பக்கம் யாரோ உடல் பாரத்தை ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாற்றினார்கள். பழைய மழைக்கோட்டின் மெழுகு வாசனையும் ஈரக் களிமண் வாசனையும் கதவிடுக்கு வழியாக உள்ளே வந்தன.

பிறகு எதுவுமில்லை.

அவள் திறந்தபோது தெருவே காணவில்லை, மூட்டம்தான். மிதியடியில் இந்த முறை எலி இல்லை. மூன்று சாம்பல் இறகுகள். வேரோடு கடித்துப் பிடுங்கியவை. ஒன்றின் நுனியில் ரத்தம் இன்னும் காயவில்லை.

நைரி மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு நேராக அலஸ்டர் வீட்டுக்குப் போனாள். இறகுகளை அவன் சாப்பாட்டு மேஜையில் வைத்தாள்.

“பாதாளத்துக்கு நான் போய் ரொம்ப நாளாச்சு,” என்றாள். “போனேன்னு பொய்யா போட்டேன். திட்டறதுன்னா போற வழில திட்டு. எழுந்திரு.”

அலஸ்டர் இறகைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தான். அவன் திட்டவில்லை. அதுவே அவளுக்குப் பயமாக இருந்தது.

“ஸ்டோட்,” என்றான். “எலி இப்படிக் கடிக்காது.”

பொழுது சாய நேரமிருந்தது, ஆனால் பள்ளத்துக்குள் அன்றைய வெளிச்சம் முடிந்துவிட்டிருந்தது. பெரணி மரங்களுக்கு நடுவே மூட்டம் தொங்கியது. ஓடைச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று சொல்ல முடியவில்லை. அலஸ்டர் முன்னால் போனான், தோளில் கேமரா ஒன்றைத் தொங்கவிட்டுக்கொண்டு.

“இத பெட்டிக்கு எதிர்ல கட்டப்போறேன்,” என்றான். “உன் பேய் எந்த வீட்டுப் பூனைன்னு தெரிஞ்சிடும்.”

“பூனை களிமண்ணுல பூட்ஸ் போட்டு நடக்குமா?”

“உன் பழைய தடமா இருக்கும்.”

“என் குதிகால் தேயலய்யா. இடுப்புதான் தேஞ்சுபோச்சு.”

பாதிரியார், சோம்பேறி, மாமியார் எல்லாவற்றையும் கடந்தார்கள். நிற்க நேரமில்லை. சரிவில் அலஸ்டர் உட்கார்ந்தபடியே இறங்கினான். நைரி வேர்களைப் பிடித்து, ஒவ்வொரு வேருக்கும் ஒரு வசவு வைத்து, இறங்கினாள்.

அடியில் குளிர் வேறு மாதிரி இருந்தது. மூடிய அலமாரிக்குள் இருக்கும் குளிர்.

டோட்டொவாய் அவர்களுக்கு முன்னாலேயே அங்கே நின்றது. ஆண் பறவை. வாலில் பாதி இல்லை. நைரியின் பூட்ஸருகே தத்தி வந்து நிமிர்ந்து பார்த்தது. மேலே, பெரணித் தண்டும் கிளையும் சேரும் இடுக்கில், பெண் பறவை கூட்டைவிட்டு எழாமல் உட்கார்ந்திருந்தது. அதன் கண் மட்டும் அசைந்தது.

“இருக்காங்க,” என்றாள் நைரி. “ரெண்டு பேரும் இருக்காங்க.”

அலஸ்டர் பெட்டிக்கு முன்னால் மண்டியிட்டுத் திருகாணியைக் கழற்றினான்.

“தட்டிட்டுத் திற,” என்றாள்.

“நான் பெட்டிய தட்டினதில்ல நைரி. சவப்பெட்டியையும் தட்டல.” மூடியின்மேல் உள்ளங்கையை வைத்தான். “இது வெறும் மரம். உள்ள பொறி. அவ்வளவுதான்.”

அவன் உள்ளங்கைக்கு அடியிலிருந்து, பெட்டிக்குள்ளிருந்து, யாரோ தட்டினார்கள்.

டொக், டொக்.

அலஸ்டரின் கை அப்படியே நின்றது.

“எலி,” என்றான் மெதுவாக.

எலி கீறும், துள்ளும். எண்ணித் தட்டாது. தட்டிவிட்டுக் காத்திருக்காது.

அவன் கையை எடுத்தான். அந்தக் கணம் உள்ளே பொறி படாரென்று அடித்தது. பெட்டியே தரையிலிருந்து எம்பி விழுந்தது. அதன்பின் ஓடைச் சத்தம் மட்டும்.

அவன் மூடியைத் தூக்கியபோது உள்ளிருந்து ஆவி எழுந்தது. ஸ்டோட். கீரி போல நீண்ட உடம்பு, வெள்ளை வயிறு, வால் நுனியில் மை தொட்டது போலக் கறுப்பு. தலைமேல் பொறி இறங்கியிருந்தது. உடம்பு இன்னும் சூடு. உதட்டோரம் ஒரு சாம்பல் பிசிறு.

“அந்தப்பக்க ஓட்டை வழியா இப்பதான் நுழைஞ்சிருக்கு,” என்றான் அலஸ்டர். “நாம வர்ற சத்தத்துல பயந்து.” நெற்றியைத் துடைத்துக்கொண்டான். “மூடியத் திறந்து கைய விட்டிருந்தா என் விரல் போயிருக்கும். அதான் விஷயம். தற்செயல்.”

“சரி. யாரு தட்டினது?”

அவன் மூடியைக் கையில் பிடித்தபடி பெட்டிக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தான். பொறிக்குப் பக்கத்தில் பீனட் பட்டர் புதிதாக, தாராளமாகத் தடவியிருந்தது. பருக்கைகள் மஞ்சளாகத் தெரிந்தன.

அப்போதுதான் மேலே அது கேட்டது.

தூரத்தில். பாதை தொடங்கும் இடத்தில். காய்ந்த மரத்தில் தெளிவான தட்டு.

டொக், டொக்.

“பாதிரியார்,” என்றாள் நைரி.

எந்தப் பெட்டி எப்படிச் சத்தம் போடும் என்று அவளுக்குத் தெரியும். திருகாணி கிறீச்சிடுவது கேட்டது. மூடி திறந்து மூடுவது கேட்டது. பிறகு நடை. ஒரு காலை அழுத்தி, மறு காலை இழுத்து.

“வேற யாராவது வந்திருப்பாங்க,” என்றான் அலஸ்டர்.

“இது என் வரிசை. வேற யாரும் வரமாட்டாங்க.”

டொப், டொப். ஈரத்தில் ஊறிய மரம். சோம்பேறி.

நெருங்கிவிட்டது. மூட்டத்தில் ஒன்றும் தெரியவில்லை. டோட்டொவாய் பாடாமல் நின்றது.

டொக், டொக். உடனே படாரென்று காரணமில்லாத ஓர் அடி. மாமியார். அதன்பின் அடித்தொண்டையில் ஒரு சலிப்பு, வாராவாரம் அதே பெட்டியிடம் ஏமாறும் கிழவனின் சலிப்பு.

அடுத்து இருந்தது இந்தப் பெட்டிதான்.

சரிவில் சேறு நழுவியது. யாரோ உட்கார்ந்து இறங்குவது போலப் புல் படுத்தது. பெரணி இலைகள் தோளுக்கு வழிவிட்டது போல விலகி, நீர்த்துளிகளை உதிர்த்துவிட்டு, மறுபடி சேர்ந்தன. அங்கே யாரும் இல்லை. களிமண்ணில் ஒரு குழி விழுந்து தண்ணீர் ஊறியது. அதற்கு முன்னால் இன்னொன்று. இடது ஆழம், வலது கோணல்.

தடங்கள் பெட்டிக்கு முன்னால் வந்து நின்றன.

பெருமூச்சு ஒன்று. நைரி அதை எங்கே கேட்டாலும் கண்டுபிடிப்பாள். பூட்ஸைக் கழற்றப் பெஞ்சில் உட்காரும்போது அவளிடமிருந்தே தினமும் வரும் மூச்சு அது. எலும்புவரை களைத்தவர் விடும் மூச்சு.

அப்போது அவளுக்குப் புரிந்தது. சவப்பெட்டியைத் தட்டியது அவள். உள்ளே யாராவது இருக்கிறீர்களா என்று ஊரே வரிசையில் நின்று கேட்டது. அதை விடைகொடுப்பது என்று அவர்கள் நினைத்தார்கள். டெஸ்ஸுக்கு அது வேலைக்குக் கூப்பிட்ட சத்தம். கூப்பிட்டால் வராமல் இருக்க அவனுக்கு ஒருநாளும் தெரியாது.

அலஸ்டரின் கையிலிருந்த மூடியில், அவன் பிடித்திருக்கும்போதே, தட்டு விழுந்தது.

டொக், டொக்.

காத்திருப்பு.

“காலி பண்ணிட்டோம் டெஸ்,” என்றாள் நைரி. “ஸ்டோட் செத்துடுச்சு. கூட்டுக்கு ஒண்ணும் ஆகாது. நீ போய் படு. தப்பு என்னுது. நான் இறங்கல.”

டொக், டொக்.

தட்டு அவளுக்கானதல்ல. மூடி அலஸ்டரின் கையில் அதிர்ந்தது. நிலத்தை அளந்தே வாழ்ந்தவன், எதிரே அளக்க ஒன்றுமில்லாத இடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

“பதில் சொல்லுய்யா,” என்று கிசுகிசுத்தாள். “அவ இனிமே இறங்க மாட்டா, நான் இறங்கறேன்னு சொல்லு.”

“நான்…” என்றான் அலஸ்டர். “இந்தப் பெட்டிய நான் பாத்துக்கறேன்.”

நீண்ட மூச்சு ஒன்று வெளியே போனது. மெழுகு வாசனை மெல்ல மெல்லக் குறைந்தது.

திரும்பிப் போகும் தடம் எதுவும் விழவில்லை.

டோட்டொவாய் நைரியின் பூட்ஸைவிட்டு நகர்ந்தது. தண்ணீர் ஊறிய அந்த இரண்டு குழிகளுக்கு நடுவே தத்திப் போய் நின்றது. தலையைச் சாய்த்தது. பிறகு நிமிர்ந்து, மனிதன் நின்றால் முகம் இருக்கக்கூடிய உயரத்தை, வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தது.

வீட்டுக்கு வரும் வழியில், தெருவிளக்கருகே வந்ததும் அலஸ்டர் தொண்டையைச் செருமினான்.

“மரம் குளிர்ல சுருங்கும்போது சத்தம் போடும்,” என்றான்.

“ஆமா.”

“சேறு தானா உள்வாங்கும்.”

“ஆமாய்யா. போய் தூங்கு.”

அதன்பின் யார் கேட்டாலும் அவன் அப்படித்தான் சொன்னான். மரம் சுருங்கியது, சேறு உள்வாங்கியது, நைரிக்கு அசதி. கேமராவைக் கட்டினாயா என்று கேட்டால் பேச்சை மாற்றினான். ஆனால் வாராவாரம் பாதாளத்துக்கு அவன்தான் இறங்கினான். நைரி மாமியாரோடு திரும்பினாள். அவள் மிதியடி சுத்தமாக இருந்தது. குஞ்சுகள் முட்டையிலிருந்து வெளிவந்து, சிறகு விரித்து, பள்ளத்தில் எங்கள் தலைமேலேயே உட்காரும் அளவுக்குத் திமிரோடு பறந்தன.

வசந்தத்தின் முடிவில் ஊர் மன்றத்தில் குழுவுக்குத் தேநீர். புதிதாகச் சேர்ந்தவர்கள் வந்திருந்தார்கள். நைரி கதையைச் சொன்னாள். நன்றாகவே சொன்னாள். அவள் சொன்னதில் ஸ்டோட் நாய் அளவுக்கு வளர்ந்திருந்தது, பெட்டி மரத்துக்கு மேலே எம்பியது, அலஸ்டர் பெண் பிள்ளை போல வீறிட்டான். சினா சிரித்துச் சிரித்து தேநீருக்கு வைத்த ஸ்கோன் ரொட்டியை மூச்சுக்குழாயில் விட்டாள்.

“அலஸ்டர் அங்கிள், அந்த வீறிடற பாகத்த ஒருதரம் செஞ்சு காட்டுங்களேன்,” என்றாள் இருமலுக்கு நடுவே.

எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். மரம் சுருங்கும் என்று தொடங்குவான் என எதிர்பார்த்தார்கள். அவன் கோப்பையைச் சாசரில் வைத்தான். அன்று அவன் முகம் வயதுக்கு மேல் தளர்ந்திருந்தது.

“நேத்து நான் கீழ இறங்கல,” என்றான். “முட்டி வலி. மழை வேற. போனதா போட்டுட்டேன்.”

யாரோ சிரிக்கத் தொடங்கி நிறுத்தினார்கள்.

“சாயங்காலம் கடைக்குப் போயிட்டு வந்து கதவுல சாவிய வைக்கறேன். தட்டற சத்தம். திரும்பிப் பாத்தேன். பின்னாடி யாரும் இல்ல.” தன் உள்ளங்கையைப் பார்த்தான். “வெளிய இருந்து தட்டல. என் வீட்டுக்கு உள்ள இருந்து தட்டினான். தட்டிட்டு, காத்துக்கிட்டிருந்தான்.”



“அப்புறம் என்ன பண்ணீங்க?” என்று கேட்டாள் சினா.

“டார்ச் எடுத்துக்கிட்டு பாதாளத்துக்குப் போனேன். வேற என்ன பண்றது?” அவன் நைரியின் பக்கம் திரும்பினான். “நான் வீறிடல. அது ஒண்ணுதான் பொய். மீதி எல்லாம் நடந்தது.”